வீட்டைக் கூட்டணும்

திண்டிவனத்துக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டிய ஓட்டு வீட்டில் சாமி இருந்தார். அவருக்கு நாற்பது வயதுதான். அவரைத் தேடி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

தெய்வநாயகம் அவர்களில் ஒருவர். வயது அறுபது. நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. புதிதாக வருகிறவர்கள் முதலில் இவர் காலில்தான் விழுவார்கள். விழுந்தவரைத் தூக்கி நிறுத்தி, "நான் இல்லைங்க. அதோ கீரை ஆஞ்சிக்கிட்டு இருக்காரே, அவர்" என்று சொல்வது இவருக்குப் பழகிவிட்டது.

நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் இரண்டு தரப்பையும் கேட்டவர். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு மட்டும் அவரிடம் ஒருநாளும் வந்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை செஞ்சியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். "சாமி, ஆன்மாவுக்கு அழிவு உண்டா?" என்று கேட்டார்.

சாமி அவருக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். "சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. இந்த பஸ்ஸை விட்டா அடுத்தது மத்தியானம்தான்."

அவர் போன பிறகு தெய்வநாயகம் பக்கத்தில் நகர்ந்து வந்தார்.

"என்னோடது சின்னக் கேள்வி சாமி. வீடு சம்பந்தப்பட்டது."

"கேளுங்க."

"நல்ல ஆர்க்கிடெக்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

சாமி கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார். "இது பெரிய கேள்வியாச்சே. சாய்ஞ்சு உக்காருங்க."

தெய்வநாயகம் சொல்லத் தொடங்கினார். ஆய்ந்த கீரை வாடும் வரை சொன்னார். அதன் சுருக்கம் இதுதான். அவருடைய மனைவி அமிர்தத்துக்கு ஒரு அக்கா. பெயர் சௌந்தரம். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விழுப்புரத்தில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். கை கூடிவிட்டது. ஆனால் அமிர்தத்துக்கு அதற்குப் பிறகு தூக்கம் கூடவில்லை. எங்களோடு வந்து இரு என்று கூப்பிடுகிறாள். அக்கா வரமாட்டேன் என்கிறாள்.

"ஏன் வரமாட்டாங்களாம்?"

"ஹால்ல பாய் போட்டுப் படுக்கவா வரணும்னு கேக்கறாங்க. அதான், ஒரு ரூம் சேர்த்துக் கட்டிட்டா அந்தப் பேச்சு இருக்காதேன்னு."

"எவ்வளவு நாளா ஆர்க்கிடெக்ட் தேடறீங்க?"

"ஒரு வருஷமா."

"எத்தனை பேரைப் பாத்தீங்க?"

"இன்னும் யாரையும் பாக்கல. விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்."

சாமி தலையசைத்தார். "சரி. ஒருத்தர் வந்து எதிர்ல உக்காந்துட்டார்னு வைங்க. என்ன சொல்லுவீங்க?"

தெய்வநாயகம் மூச்சை இழுத்துக்கொண்டார். "எங்க வீடு தொண்ணூத்தி மூணுல கட்டினது, மேற்கால பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டிக்கிட்டு இருக்கு, கிழக்கால சந்துப் பக்கம் கொஞ்சம் இடம் இருக்கு, அதுல ஒரு வேப்பமரம், வாஸ்துவுக்கும் குறை வராம, அடுத்தவங்களுக்கும் தொந்தரவு இல்லாம, வீட்டைக் கொஞ்சம் கூட்டிக் கட்டணும்."

"வேப்பமரம் வேண்டாம்."

"வெட்டிடவா சாமி?"

"பேச்சுல வேண்டாம்னேன். தொண்ணூத்தி மூணும் வேண்டாம். வாஸ்துவையும் பக்கத்து வீட்டையும் எடுத்துடுங்க. மிச்சம் என்ன?"

"வீட்டைக் கூட்டிக் கட்டணும்."

"கட்டறது அவங்க வேலை. அதையும் எடுங்க."

"வீட்டைக் கூட்டணும்."

"இது போதும். வர்றவங்ககிட்ட இதை மட்டும் சொல்லுங்க. சொல்லிட்டு வாயை மூடிக்கோங்க. அவங்க முதல்ல என்ன கேக்கறாங்களோ, அந்தக் கேள்வியை எனக்குக் கொண்டு வாங்க."

"நான் பதில் சொல்லக் கூடாதா?"

"கூடாது."

"ஒரு வார்த்தைகூடவா?"

"பாருங்க, ஆரம்பிச்சுட்டீங்க."

*

வீட்டுக்கு வந்து அமிர்தத்திடம் சொன்னார். அவள் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"வீட்டைக் கூட்டணும்னு மட்டுமா சொல்லணும்?"

"ஆமா."

"அதுக்கு ஆர்க்கிடெக்ட் எதுக்கு? துடைப்பம் கதவுக்குப் பின்னாடிதான் இருக்கு."

ஆனாலும் அவளுக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஒரு வருஷத்துக்குப் பிறகு யாரோ ஒருவர் வீட்டுக்கு வரப்போகிறார்.

முதலில் வந்தவர் உள்ளூர்க்காரர். பஜாரில் பாதிக் கடைகள் அவர் வரைந்தவை. தெய்வநாயகம் அவரை உட்காரவைத்து, "வீட்டைக் கூட்டணும்" என்றார். பிறகு உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"எத்தனை சதுர அடி?"

பதில் இல்லை.

"ஒரு ரூமா? சரி, ரெண்டாவே போட்டுடலாம். பின்னாடி இடிச்சுக் கட்ட வேண்டியிருக்காது."

பதில் இல்லை.

"மாடி எடுக்கிறதா இருந்தாலும் இந்த அஸ்திவாரம் தாங்கும் சார். நான் பாத்துட்டேன்."

தெய்வநாயகம் தாடியைத் தடவினார். அவர் தடவத் தடவ வீடு வளர்ந்தது. காபி வருவதற்குள் இரண்டாவது மாடிக்கு லிஃப்ட் வந்துவிட்டது. அவர் போன பிறகு அமிர்தம் நெற்றியில் கைவைத்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் நீங்க பேசாம இருந்திருந்தா மொட்டை மாடியில ஹெலிகாப்டரே இறங்கியிருக்கும்."

இரண்டாமவர் சென்னையிலிருந்து வந்தார். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"வீட்டைக் கூட்டணும்."

"எந்த ஸ்டைல்ல சார்?"

தெய்வநாயகம் அவரையே பார்த்தார். அவரும் இவரைப் பார்த்தார். மின்விசிறி சுற்றியது. சுவரில் ஒரு பல்லி வந்து நின்று, யோசித்து, போய்விட்டது.

"புரியுது சார்" என்றார் அவர் மெல்ல. "ஒண்ணுமே இருக்கக் கூடாது. வெறும் சுவர், வெறும் வெளிச்சம். இந்த ஊர்ல இப்படி ஒரு ரசனையை நான் எதிர்பார்க்கல."

மூன்றாவதாக வந்தது ஒரு பெண். புதுச்சேரியில் இருக்கிறாள். அமிர்தத்தின் சிநேகிதிக்கு வீடு கட்டிக் கொடுத்தவள். முப்பது வயதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கலாம். பெயர் இளவேனில். தானே கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். கை கூப்பினாள். உட்கார்ந்தாள். எதுவும் பேசவில்லை. தன்னைப் போலவே ஒருத்தி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டு தெய்வநாயகத்துக்குச் சற்றுக் குழப்பமாக இருந்தது.

"வீட்டைக் கூட்டணும்" என்றார்.

இளவேனில் நெற்றியைச் சுருக்கினாள். அவரைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"யாரை?"

தெய்வநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரை. ஒரு வருஷமாக அவர் அடியையும் அங்குலத்தையும் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். இந்தப் பெண் ஆளைக் கேட்கிறாள். சொல்ல வேண்டும் என்று நாக்குத் துடித்தது. சாமியை நினைத்து அடக்கிக்கொண்டார்.

சமையலறையிலிருந்து அமிர்தம் எட்டிப் பார்த்தாள். "எங்க அக்காவை."

"அக்கா எங்கே?"

"விழுப்புரத்துல."

இளவேனில் கார் சாவியை எடுத்தாள். "போலாமா?"

தெய்வநாயகம் எழுந்துவிட்டார். இடத்தைப் பார்க்கவில்லை. மண்ணைப் பார்க்கவில்லை. மனுஷியைப் பார்க்கக் கிளம்புகிறாள். இப்படியும் ஒரு ஆர்க்கிடெக்டா என்று எண்ணிக்கொண்டே செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

*

காரில் அமிர்தம் கதை முழுவதையும் சொன்னாள். அக்காவின் கை, குளியலறை, பாய், பிடிவாதம் எல்லாவற்றையும். இளவேனில் வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டாள். "ஓ" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். தெய்வநாயகம் பின்சீட்டில் மௌனமாக இருந்தார்.

கதவைத் திறந்த சௌந்தரம் மூன்று பேரையும் பார்த்தாள்.

"என்ன மாப்பிள்ளை, முன்கூட்டிச் சொல்லாம படையோட வந்திருக்கீங்க. பொண்ணு பாக்கவா? அறுபத்தாறு வயசுல நல்ல இடமா வந்தாப் பரவாயில்லை."

தெய்வநாயகம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏன் பேச மாட்டேங்கறார்? தொண்டை கட்டிடுச்சா?"

"சாமி வாயை மூடிக்கச் சொல்லியிருக்கார்" என்றாள் அமிர்தம்.

"நல்ல சாமியா இருக்காரே. முன்னாடியே தெரிஞ்சிருந்தா உன் கல்யாணத்துக்கே அவரைக் கூப்பிட்டிருக்கலாம்."

"அக்கா, இவங்க வீடு வரையறவங்க. உனக்கு ஒரு ரூம் போடப் போறோம்."

"ரூம்ல இருக்கறது ஆஸ்பத்திரிப் பேஷண்ட். நான் அந்தப் பக்கம் நின்ன ஆளு." சௌந்தரம் உள்ளே நடந்தாள். "டீ போடறேன். குடிச்சுட்டுக் கிளம்புங்க."

சமையலறை தெருவைப் பார்த்து இருந்தது. அடுப்புக்கு நேர் மேலே ஜன்னல். பால் பொங்குவதற்குள் ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. ஒரு பெண் மாத்திரை அட்டையைக் கம்பி வழியே நீட்டினாள்.

"அக்கா, இது சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?"

"பின்னாடி. நேத்தும் இதையேதான் சொன்னேன். மறதிக்கும் சேர்த்து ஒரு மாத்திரை கேளு உங்க டாக்டரை."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போனாள். அடுத்து ஒரு கிழவர், வீங்கிய காலைப் பற்றிச் சொல்ல. அவருக்குப் பின்னால் பூக்காரி, ஒன்றும் கேட்க அல்ல, சும்மா பேச. சௌந்தரம் டீயைக் கலக்கிக்கொண்டே எல்லோருக்கும் பதில் சொன்னாள். ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவரையும் விடவும் இல்லை.

இளவேனில் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து டேப்பை எடுத்தாள். ஜன்னலின் உயரத்தை அளந்தாள். அடுப்பிலிருந்து ஜன்னலுக்கு உள்ள தூரத்தை அளந்தாள். சௌந்தரத்தின் தோள் உயரத்தை அளந்தாள்.

"அக்கா, நீ டெய்லி இங்கேயே நிப்பியா?"

தெய்வநாயகம் திடுக்கிட்டார். அமிர்தம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வார்டில் பெரிய டாக்டர்களே சௌந்தரத்தை நீங்கள் என்றுதான் பேசுவார்கள்.

சௌந்தரம் கரண்டியோடு திரும்பினாள். அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவளை விட்டா என்னை நீ வா போன்னு பேச ஆளே இல்லைன்னு இருந்தேன். நீ ஒருத்தி வந்துட்டே." கரண்டியை வைத்தாள். "ஆமா, இங்கேயேதான் நிப்பேன். இப்ப அதுக்கு என்ன?"

"அங்கேயும் நிக்கணும்ல?"

ஜன்னலோரம் ஒரு சாக்பீஸ் கிடந்தது. இளவேனில் அதை எடுத்துத் தரையில் கோடு இழுத்தாள். "இது அடுப்பு. இது ஜன்னல். வெளியே சந்து. ஆளுங்க வருவாங்க. இது கதவு. உன் கதவு. அவங்க வீட்டுக் கதவு அந்தப் பக்கம்."

சௌந்தரம் கோட்டுக்குள் வந்து நின்றாள். இல்லாத கரண்டியால் இல்லாத குழம்பைக் கிளறிப் பார்த்தாள். "கை இடிக்குது. ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளு."

இளவேனில் காலால் கோட்டை அழித்துத் தள்ளிப் போட்டாள்.

"இப்ப சரி. படுக்கை எங்க?"

"நீ சொல்லு."

இரண்டு பேரும் தரை முழுக்கக் கோடு போட்டார்கள். அமிர்தம் டீயை வடிகட்டித் தானே எல்லோருக்கும் கொடுத்தாள். பூக்காரி ஜன்னலில் நின்றபடியே, "பூஜை மாடத்தை விட்டுட்டீங்களே" என்றாள். அதற்கும் ஒரு கோடு போட்டார்கள்.

கிளம்பும்போது சௌந்தரம் தெய்வநாயகத்திடம் சொன்னாள். "தனி வாசல், தனி அடுப்பு. இந்தப் பொண்ணு கட்டினா வரேன் மாப்பிள்ளை. வேற யார் கட்டினாலும் கிரகப்பிரவேசத்துக்கு வந்து காபி குடிச்சுட்டு அடுத்த பஸ்ல திரும்பிடுவேன்."

*

மறுநாள் தெய்வநாயகம் சாமியிடம் போனார். மூன்று கேள்விகளையும் சொன்னார். மூன்றாவதைச் சொல்லும்போது இன்னும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"யாரைன்னு கேட்டாங்க சாமி. ஒரே வார்த்தை."

"அப்படியேவா கேட்டாங்க?"

"அப்படியே."

சாமி அந்த வார்த்தையைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று சொல்லவில்லை.

"அப்புறம் என்ன, அவங்களையே வெச்சுக்கோங்க."

"அதுல ஒரு சிக்கல் சாமி." தெய்வநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். "அண்ணி, அதான் அமிர்தத்தோட அக்கா, தனி அடுப்புக் கேக்கறாங்க. வாசல் தனியா இருக்கட்டும். அடுப்பும் தனின்னா, பாக்கறவங்க பாகம் பிரிச்சாச்சுன்னுதானே சொல்லுவாங்க? அண்ணன் தம்பி சண்டை போட்டுட்டுச் செய்யற காரியத்தை நாங்க ஆசையா கூப்பிட்டுச் செய்யணுமா? சேர்த்து வைக்கத்தானே கட்டறோம்?"

சாமி எழுந்தார். "இன்னைக்கு இங்கதான் சாப்பாடு. நான் உள்ளே சமைக்கறேன். நீங்க வெளியே மூணு கல்லை வெச்சு சமைங்க."

"நான் சமைச்சதே இல்லை சாமி."

"அதனாலதான் வெளியே."

புளியும் பருப்பும் வாங்கிக்கொண்டு தெய்வநாயகம் வெளியே போனார். விறகு பிடிக்கவில்லை. பிடித்தபோது அதிகமாகப் பிடித்தது. தாடியைக் காப்பாற்றிக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது. குழம்பு என்று ஒன்று கொதிக்கத் தொடங்கிய நேரத்தில் சாமி ஒரு கிண்ணத்தோடு வந்தார்.

"கீரை மசியல். கொஞ்சம் பாருங்க."

தெய்வநாயகம் ருசித்தார். நன்றாக இருந்தது. கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதே என்று அதில் கொஞ்சம் குழம்பை ஊற்றிக் கொடுத்தார்.

சாமி உள்ளே போனார். சிறிது நேரத்தில் திரும்பி வந்தார். கிண்ணத்தில் உப்பு இருந்தது.

"போட மறந்துட்டீங்க."

தெய்வநாயகம் உப்பைப் போட்டார். கிண்ணத்தைப் பார்த்தார். இப்போதும் வெறும் கிண்ணம். மறுபடியும் குழம்பை ஊற்றினார். சாமி வாங்கிக்கொண்டு போய்விட்டு அப்பளத்தோடு வந்தார். அப்பளத்துக்குப் பதிலாக மூன்றாம் தடவையும் குழம்பையே கொடுக்கத் தெய்வநாயகத்துக்கு மனம் வரவில்லை. மரத்தடியில் கிடந்த நெல்லிக்காய்களைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டார். சாமி அதை வாங்கி, ஒன்றைக் கடித்து, கண்ணை இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். அடுத்த தடவை மோர் வந்தது.

கடைசியில் தெய்வநாயகம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"சாமி, ஒரே அடுப்பா இருந்திருந்தா உங்களுக்கு இத்தனை அலைச்சல் இல்லை."

"ஆமா" என்றார் சாமி. "நான் வந்திருக்கவே மாட்டேன்."

தெய்வநாயகம் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். குழம்பு அடி பிடித்தது. இருவரும் அதைத்தான் சாப்பிட்டார்கள்.

*

வரைபடம் வந்தது. வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு சிறிய வீடு. சந்துப் பக்கம் ஒரு வாசல், அடுப்புக்கு மேலே ஒரு ஜன்னல். தெய்வநாயகம் ஒரே ஒரு திருத்தம் கேட்டார். இரண்டு சமையலறைக்கும் நடுவில் உள்ள சுவரில் ஒரு திறப்பு.

"எவ்வளவு பெரிசு அங்கிள்?"

"ஒரு கிண்ணம் போனாப் போதும்."

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து இளவேனிலை வரச் சொன்னார்கள். வேலையை அவளிடம் ஒப்படைப்பதற்கு அமிர்தம் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்திருந்தாள். விழுப்புரத்தில் சௌந்தரம் வீட்டுக்காரரிடம் காலி செய்யப் போவதாகச் சொல்லிவிட்டாள்.

தெய்வநாயகம் தாம்பாளத்தைக் கையில் எடுத்தார். கொடுப்பதற்கு முன் ஒரு விஷயம் கேட்க ஆசைப்பட்டார். பல நாளாகக் கேட்க நினைத்தது.

"அம்மா, அன்னைக்கு முதல்முதலா யாரைன்னு கேட்டீங்களே. அந்தக் கேள்வி எப்படி உங்களுக்குள்ள வந்துச்சு?"

"எந்தக் கேள்வி?"

"நான் வீட்டைக் கூட்டணும்னு சொன்னேன். நீங்க யாரைன்னு கேட்டீங்க."

இளவேனில் முகம் சிவந்தது. "அதுவா. சாரி அங்கிள். எனக்குத் தமிழ் கொஞ்சம் கஷ்டம். நான் பொறந்தது படிச்சது எல்லாம் நாக்பூர். அப்பா ரயில்வே. பேர் மட்டும் நல்ல தமிழ்ப் பேரா வெச்சுட்டார்."

"சரி."

"கூட்டறதுன்னா எனக்கு ஆளைக் கூட்டிட்டு வர்றதுதான் தெரியும். அம்மா எப்பவும் போன்ல சொல்லுவாங்க, அவளைக் கூட்டிட்டு வா, இவனைக் கூட்டிட்டு வான்னு. நீ சொன்னது எனக்கு வீட்டுக்குக் கூட்டணும்னு கேட்டுச்சு. யாரோ வர வேண்டியிருக்கு, அவங்க வந்தாத்தான் நீ பேசுவே போலிருக்கு, கார் இல்லாம கஷ்டப்படறாங்கன்னு நினைச்சேன். அதான் சாவியை எடுத்தேன்."

அமிர்தம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்போ தரையைக் கூட்டறதை உங்க வீட்டுல என்னன்னு சொல்லுவீங்க?"

"ஜாடு போடறது. ஹிந்தியில ஜாடுன்னா துடைப்பம்."

அமிர்தத்தால் அதற்கு மேல் முடியவில்லை. சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இளவேனிலும் சிரித்தாள். அவளுக்கும் கண்ணில் நீர் வந்தது.

தெய்வநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. கையில் தாம்பாளம் கனத்தது. மெல்ல அதை மேஜைமேல் வைத்தார்.

"நான் கொஞ்சம் யோசிச்சுட்டு வரேன்" என்றார்.

அமிர்தத்தின் சிரிப்பு நின்றது. "யோசிக்கவா? அக்கா வீட்டைக் காலி பண்றேன்னு சொல்லிட்டா. இவங்க கட்டலைன்னா அவ வரமாட்டா. தெரியும்ல?"

"தெரியும். வந்துடறேன்."

*

சாமி ஏரிக்கரையில் வேட்டியை உலர்த்திக்கொண்டிருந்தார். தெய்வநாயகம் நடந்ததைச் சொன்னார். வழக்கம்போல எல்லாவற்றையும் சொன்னார். நாக்பூர் வந்ததும் சாமியின் தோள் குலுங்கத் தொடங்கியது. ஜாடு வந்ததும் வேட்டி கையை விட்டுப் போனது.

"சிரிக்காதீங்க சாமி. நான் ஒரு ஞானத்தைத் தேர்ந்தெடுத்தேன்னு நினைச்சேன். ஒரு தப்பைத் தேர்ந்தெடுத்திருக்கேன்."

சாமி வேட்டியை எடுத்து மண்ணை உதறினார். "வரைபடம் தப்பா?"

"இல்லை."

"ஜன்னல் தப்பான இடத்துல இருக்கா?"

"அண்ணி நின்னு பார்த்துச் சரி பண்ணினது."

"மரம்?"

"மரத்தை அப்படியே விட்டிருக்காங்க. அதெல்லாம் குறையே இல்லை சாமி. ஆனா அந்தக் கேள்வி அவங்க தெரிஞ்சு கேட்டது இல்லையே. தமிழ் தெரிஞ்சிருந்தா அவங்களும் எத்தனை சதுர அடின்னுதான் கேட்டிருப்பாங்க."

"கேட்டிருப்பாங்க" என்று சாமி ஒப்புக்கொண்டார்.

"அதான் பயமா இருக்கு. அண்ணி வந்து வாழப்போற இடம். தெரியாம கேட்ட ஒரு வார்த்தையை நம்பி எப்படிக் குடுக்கறது?"

சாமி வேட்டியைக் கொடியில் போட்டு, ஓரத்தை இழுத்துச் சரி செய்தார். "இப்ப அவங்களுக்கு அந்த வார்த்தை தெரியுமா?"

"இப்ப தெரியும். அமிர்தம் எல்லா அர்த்தத்தையும் சொல்லிட்டா. அது மட்டும் இல்லை, தினமும் போன்ல தமிழ் சொல்லித் தரேன்னு வேற சொல்லியிருக்கா. அந்தப் பொண்ணும் ரொம்ப ஆசையா இருக்கு. சீக்கிரமே நம்மளை மாதிரி பேசிடுவாங்களாம்."

சாமி சட்டென்று திரும்பினார். முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது.

"நம்மளை மாதிரியா?"

"ஆமா சாமி."

"அப்படின்னா இங்க நின்னு என்ன பேசிக்கிட்டு இருக்கீங்க? ஓடிப்போய்த் தட்டைக் குடுங்க. அவங்களுக்குத் தமிழ் நல்லா வர்றதுக்குள்ள வீட்டைக் கட்டி முடிச்சாகணும்."